பெயரில்லாமல் எழுதிய தலைமை நீதிபதி

வணக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிய உங்கள் கட்டுரையில், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தன் தீர்ப்பைத் தாக்கியவர்களுக்குப் பத்திரிகையில் புனைபெயரில் பதில் எழுதினார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நீதிபதி தீர்ப்பின் வழியாக மட்டுமே பேசவேண்டும் என்று கேட்டுப் பழகிய எனக்கு அது உறுத்துகிறது. எழுதியது அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தக் காலத்தில் எல்லோருமே புனைபெயரில்தானே எழுதினார்கள், அதை இன்று குறையாகச் சொல்லலாமா? தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை பாடா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

ஆதாரம் அவருடைய கடிதங்கள்தான். மார்ஷல் தனக்கு வந்த தாள்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாதவர். ஆனால் அவர் எழுதியவற்றைப் பெற்றுக்கொண்டவர்களில் சிலர் பத்திரப்படுத்தினார்கள். இந்த விஷயத்தில் முக்கியமானவர் புஷ்ராட் வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன், மவுண்ட் வெர்னன் வீட்டுக்கு வாரிசு, உச்ச நீதிமன்றத்தில் மார்ஷலின் சக நீதிபதி. 1819 மார்ச்சிலிருந்து ஜூன் வரை மார்ஷல் அவருக்கு எழுதிய கடிதங்களில் மொத்தக் கதையும் இருக்கிறது. கூடவே ஜோசஃப் ஸ்டோரி என்ற இன்னொரு சக நீதிபதிக்கு எழுதியவையும் உண்டு. ஆனால் ஸ்டோரிக்கு எழுதும்போது மார்ஷல் புலம்புகிறார். புஷ்ராடுக்கு எழுதும்போதுதான் வேலை சொல்கிறார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1816இல் காங்கிரஸ் இரண்டாவது ஐக்கிய அமெரிக்க வங்கியை உருவாக்கியது. மாநிலத்தின் அனுமதி இல்லாமல் நடக்கும் வங்கி எதுவானாலும் முத்திரைத்தாளில்தான் நோட்டு அச்சிடவேண்டும், அல்லது ஆண்டுக்கு 15,000 டாலர் கட்டவேண்டும் என்று 1818இல் மேரிலாந்து சட்டம் போட்டது. பால்டிமோர் கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் இரண்டையும் செய்யவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்பது நாள் வாதம். அது முடிந்த மூன்றே நாளில், 1819 மார்ச் 6 அன்று, ஒருமித்த தீர்ப்பு: வங்கி செல்லும், மாநில வரி செல்லாது. (அந்த மெக்கல்லக்கே அதே ஆண்டு அதே கிளையின் பணத்தைக் கையாடியவராக அம்பலமானது தனிக்கதை.)

வர்ஜீனியா கொதித்தது. மார்ச் 24ஆம் தேதியே மார்ஷல் ஸ்டோரிக்கு எழுதுகிறார்: வர்ஜீனியாவின் தூங்கும் ஆவியை நம் தீர்ப்பு எழுப்பிவிட்டது, அது எப்போதாவது தூங்குமென்றால். மூன்று நாள் கழித்து புஷ்ராடுக்கு: பத்திரிகைகளில் நம்மைத் திட்டித் தீர்ப்பார்கள், நம் பக்கத்தில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது பெரிய தாக்குதல் இன்னும் அச்சேறவில்லை. மார்ச் 30, ஏப்ரல் 2 தேதிகளில்தான் 'ரிச்மண்ட் என்குவயர'ரில் 'ஆம்ஃபிக்டியான்' என்ற பெயரில் இரண்டு கட்டுரைகள் வந்தன. எழுதியவர் வில்லியம் பிராக்கன்பரோ, வர்ஜீனியாவின் ஒரு நீதிபதி. பத்திரிகையின் ஆசிரியர் தாமஸ் ரிட்சி, மாநில உரிமைக் கட்சியின் குரல். அதாவது நீதிபதியைத் தாக்கியவரும் நீதிபதியே, அவரும் முகம் காட்டவில்லை.

ஆம்ஃபிக்டியான் சொன்னவற்றில் இரண்டு வாதங்கள் அரசியல் சாசனத்தைப் பற்றியவை: அது மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், மத்திய அரசின் அதிகாரங்களைக் குறுக்கித்தான் படிக்கவேண்டும். மூன்றாவது ஒரு முணுமுணுப்பு. ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர், மாநில உரிமைப் பக்கம் நின்ற முன்னாள் ஜனாதிபதிகள் ஜெஃபர்சனோ மேடிசனோ நியமித்தவர்கள். அவர்கள் அத்தனை பேருமா இந்தத் தீர்ப்பின் காரணங்களை ஏற்றுக்கொண்டார்கள்? தனித்தனியாக எழுதியிருந்தால் தெரிந்திருக்குமே? இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மார்ஷல் பதில் எழுத உட்கார்ந்தார். ரிச்மண்டில் இருந்துகொண்டு ரிச்மண்ட் பத்திரிகையில் கொடுக்க முடியாது. அதற்குத்தான் புஷ்ராட். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அன்று ஊர் ஊராகப் போய்ச் சுற்று நீதிமன்றங்களிலும் வழக்குக் கேட்டார்கள். புஷ்ராடின் பகுதியில் பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் அடங்கும், அதனால் பிலடெல்பியா அவருக்குப் பழகிய ஊர். அங்கே ஈனோஸ் பிரான்சன் என்பவர் நடத்திய 'யூனியன்' பத்திரிகையில், 'ஒன்றியத்தின் நண்பன்' என்ற பெயரில் ஏப்ரல் 24, 28 தேதிகளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. வெளியூர்ப் பத்திரிகையில் போட்டால் வர்ஜீனியாவுக்கு எப்படிப் போய்ச்சேரும் என்று கேட்கலாம். 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டப்படி, பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பிரதிகளைக் கட்டணமின்றி அனுப்பிக்கொள்ளலாம். வந்த பிரதியிலிருந்து வெட்டித் தன் பத்திரிகையில் மறுபடி அச்சிடுவது அன்றைய அன்றாட வேலை. ஓரிடத்தில் நுழைத்தால் போதும், மற்ற ஊர்களில் தானே முளைக்கும்.

ஆனால் அச்சகத்தில் குளறுபடி நடந்தது. முதல் கட்டுரையின் நடுப்பகுதி இரண்டாவதற்குள் போய்விட்டது, இரண்டாவதிலிருந்து ஒரு துண்டு முதலாவதற்குள் வந்துவிட்டது. படிக்கிறவருக்கு ஒரு வாதம் பாதியில் அறுந்து, சம்பந்தமில்லாத இன்னொன்று அங்கிருந்து தொடங்கும். மார்ஷலின் கோபம் கிண்டலாக வெளிப்படுகிறது: முதலாவதன் வயிற்றை அறுத்து இரண்டாவதில் வைத்தவர், தன் நடுநிலைமையைக் காட்ட இரண்டாவதையும் அறுத்து முதலாவதில் வைத்திருக்கிறார் என்கிற தோரணையில் எழுதுகிறார். அப்படியே மறுபதிப்பானால் எதிராளிக்குக் கொண்டாட்டம். எனவே மே 15, 17, 18 தேதிகளில் அலெக்சாண்ட்ரியாவின் 'கெஜட்'டில் சரியான வரிசையில் மூன்று பகுதிகளாகத் திரும்ப வெளியிட ஏற்பாடானது. அலெக்சாண்ட்ரியா மவுண்ட் வெர்னனுக்குப் பக்கத்து ஊர். அந்த நாளில் அது வர்ஜீனியாவைச் சேர்ந்ததே அல்ல. 1847 வரை தலைநகர் மாவட்டத்துக்குள் இருந்தது.

ஜூனில் இதைவிடப் பெரியது வந்தது. வர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஸ்பென்சர் ரோன், 'ஹாம்ப்டன்' என்ற பெயரில் ஜூன் 11, 15, 18, 22 தேதிகளில் நான்கு கட்டுரைகள் எழுதினார். மன்னன் சார்லஸுக்குக் கப்பல் வரி கட்ட மறுத்த ஆங்கிலேயரின் பெயர் அது, தேர்வு தற்செயல் இல்லை. ரோன் கேட்டது அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி: மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையே தகராறு என்றால், மத்திய அரசின் ஓர் அங்கமான நீதிமன்றம் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

நான்கில் இரண்டு மட்டும் வந்திருந்த நிலையில், ஜூன் 17 அன்று மார்ஷல் புஷ்ராடுக்கு எழுதிய கடிதம்தான் இந்தத் தொகுப்பின் உயிர்நாடி. நீதிபதிகளின் தலைமேல் புயல் இறங்கிவிட்டது என்று ஆரம்பிக்கிறார். பிறகு வரிசையாக ஏற்பாடுகள். கட்டுரைகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். ஆனால் ஹாம்ப்டனின் கடைசிக் கட்டுரையை நான் பார்க்கும்வரை என் முதல் கட்டுரை வெளியாகக்கூடாது. ஒவ்வொன்றிலும் எண் போட்டிருப்பேன், இந்த முறையாவது அச்சகத்தில் தவறு நேராதென்று நம்புகிறேன். கையெழுத்துப் பிரதியைத் தீயில் போட்டுவிட வேண்டும். அச்சான ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு பிரதிகளை டி. மார்ஷல், ஓக் ஹில், ஃபாக்கியர் என்ற முகவரிக்கு அனுப்புங்கள்; எனக்கு நேராக வந்தால் எழுதியவர் யாரென்று சந்தேகம் வரும்.

டி. மார்ஷல் என்பது மகன் தாமஸ். அலெக்சாண்ட்ரியா பத்திரிகை ரிச்மண்டில் தலைமை நீதிபதியின் பெயருக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தால் அஞ்சலகத்தில் யார் கண்ணிலாவது படும். அதனால் வேறொரு மாவட்டத்தில் இருக்கும் மகன் வீடு. சொன்னபடியே நடந்தது. ஹாம்ப்டனின் கடைசிக் கட்டுரை வந்து எட்டாம் நாள், ஜூன் 30 அன்று, அலெக்சாண்ட்ரியா 'கெஜட்'டில் 'அரசியல் சாசனத்தின் நண்பன்' தொடங்கி ஜூலை 15 வரை ஒன்பது கட்டுரைகள் வந்தன. கையெழுத்துப் பிரதிகளை எரிக்கச் சொன்னவர், எரிக்கச் சொன்ன கடிதத்தை எரிக்கச் சொல்ல மறந்துவிட்டார். நமக்கு அது லாபம்.

உங்கள் இரண்டாம் கேள்வி. புனைபெயர் அன்றைய வழக்கம்தான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் புனைபெயரிலும் வகை உண்டு. ஹாம்ப்டன் ரோன்தான் என்பது அரசியல் வட்டாரத்தில் ஊரறிந்த ரகசியம். அவரே கட்டுரைகளை ஜெஃபர்சனுக்கும் மேடிசனுக்கும் அனுப்பினார், அவர்கள் செப்டம்பரில் பதிலும் எழுதினார்கள். அரசியல் சாசனம் நீதித்துறையின் கையில் வெறும் மெழுகு, நினைத்த வடிவத்துக்குத் திருகிக்கொள்வார்கள் என்று ஜெஃபர்சன் சொன்னது அந்தப் பதிலில்தான். மார்ஷலின் புனைபெயர் அந்த வகை அல்ல. தீ, மகன் முகவரி எல்லாம் யாருக்குமே தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடுகள்.

எனக்கு உறுத்துவது பெயரை மறைத்தது அல்ல, மறைத்துக்கொண்டு சொன்ன ஒரு விஷயம். அந்த மூன்றாவது முணுமுணுப்புக்கு 'ஒன்றியத்தின் நண்பன்' என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பாக வெளிவரப்போகும் வரைவு முன்னதாக எல்லா நீதிபதிகளின் பார்வைக்கும் வைக்கப்படும்; காரணங்களில் எதையாவது ஏற்காவிட்டால், எல்லோரும் ஒப்பும்படி அதை மாற்றியாக வேண்டும்; அதன் பிறகே எல்லோருடைய தீர்ப்பாக அது வாசிக்கப்படும். எந்த நீதிமன்றத்திலும் இப்படித்தான் நடந்தாகவேண்டும் என்று ஒரு வெளியாள் ஊகிக்கும் தொனியில் எழுதுகிறார். எழுதியவரோ அந்த வரைவைக் கையில் வைத்திருந்தவர். தான் எழுதிய தீர்ப்புக்கு, யாரோ ஒரு நடுநிலையாளனின் வாயால் தானே சாட்சி சொல்கிறார். சொன்னது பொய்யென்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் வாசகனுக்கு அதை எடைபோடத் தேவையான ஒரே தகவல், பேசுவது யார் என்பது, மறைக்கப்பட்டது. இந்த இடத்தில் நான் மார்ஷலுக்காக வாதாட மாட்டேன்.

அந்த முணுமுணுப்பும் அடங்கவில்லை. மூடிய அறைக் கூட்டத்தில் அள்ளிக் கட்டிய தீர்ப்பு, சோம்பேறிகளோ கோழைகளோ ஆன சகாக்களின் மௌனச் சம்மதம், தந்திரக்காரத் தலைமை நீதிபதி என்று ஜெஃபர்சன் 1820 டிசம்பரில் ரிட்சிக்கு எழுதுகிறார். 1822இல் உச்ச நீதிமன்றத்தின் உள்ளிருந்தே வில்லியம் ஜான்சன் என்ற நீதிபதி ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி, தான் சேர்ந்த காலத்து சகாக்களை ஒவ்வொருவராக உரித்துவைக்கிறார். மார்ஷலையும் புஷ்ராடையும் பற்றி அவர் சொன்னது: அந்த இருவரையும் பொதுவாக ஒரே நீதிபதியாகத்தான் எண்ணுவார்கள். அச்சகத்துக்குத் தூது போனவர் யாரென்று தெரிந்த பிறகு இந்த வாக்கியம் கூடுதலாகச் சுவைக்கிறது.

பெயரைக் காக்கவா? பாதிதான் ஒப்புக்கொள்வேன். நோக்கம் நீதிபதிகளைக் காயப்படுத்துவதும் அரசியல் சாசனத்தைப் பலவீனமாக்குவதும் என்று நம்புகிறேன், அதனால்தான் இத்தனை வேகம் என்று அவரே ஜூன் 17 கடிதத்தில் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் மே 27இல் ஸ்டோரிக்கு எழுதியதில் அச்சம் இன்னும் துல்லியம்: டிசம்பரில் கூடும் வர்ஜீனியா சட்டமன்றம், மத்திய அரசின் சட்டங்களை எதிர்த்த 1799ஐப் போலத் தீர்மானம் போடும், இந்தக் கொள்கைகள் வென்றால் அரசியல் சாசனம் அதற்கு முன்பிருந்த பழைய, தளர்ந்த மாநிலக் கூட்டமைப்பாகச் சுருங்கிவிடும். சாமுவேல் சேஸ் என்ற நீதிபதி 1805இல் செனட் முன் பதவிநீக்க விசாரணைக்கு நின்றபோது மார்ஷல் சாட்சியாகக் கூப்பிடப்பட்டவர் என்பதையும் மறக்க வேண்டாம். சேஸ் தன் பதிலைச் சொந்தப் பெயரில், சபையறிய வைத்தார்; தப்பித்தார். கட்சிக்காரர்கள் கோபப்பட்டால் நீதிபதியின் நாற்காலி என்ன ஆகும் என்பது மார்ஷல் கிட்டத்திலிருந்து பார்த்த காட்சி.

இன்னொரு சான்று 1821. மாநில நீதிமன்றங்களின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மறுபரிசீலிக்கலாம் என்று சொன்ன கோஹன்ஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு ரோன் 'ஆல்ஜெர்னன் சிட்னி' என்ற பெயரில் மறுபடி எழுதினார். நாகரிகமானவர் என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கட்சி எழுத்தாளரையும் இவர் முரட்டுத்தனத்திலும் வன்மத்திலும் மிஞ்சிவிட்டார் என்று மார்ஷல் ஸ்டோரியிடம் குமுறினார். ஆனால் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதவில்லை. மானம் மட்டுமே காரணமென்றால் 1821இல்தான் பேனாவை எடுத்திருக்க வேண்டும்.

நீங்களே படிக்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. இரண்டு புனைபெயர்களும் ஒன்றுபோல ஒலிப்பதால் குழப்பிவிடுகிறார்கள்: 'ஒன்றியத்தின் நண்பன்' ஆம்ஃபிக்டியானுக்கு, 'அரசியல் சாசனத்தின் நண்பன்' ஹாம்ப்டனுக்கு. முதலாவதைப் பழைய நூல்களில் படித்தால் பிலடெல்பியாவின் குளறுபடிப் பாடமே கிடைக்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஷலின் பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெவரிட்ஜுக்குத் தெரிந்திருந்தது அதுதான். அலெக்சாண்ட்ரியா கட்டுரைகளை ஜெரால்ட் கன்தர் என்ற சட்டப் பேராசிரியர் தேடியெடுத்து வெளியிட்டது 1969இல், சரியாக 150 ஆண்டுகள் கழித்து. மார்ஷல் ஆவணத் தொகுப்பின் எட்டாம் தொகுதியில் கடிதங்களும் கட்டுரைகளும் தேதி வாரியாக ஒன்றாக இருக்கின்றன. ஹாம்ப்டனை முதலில் படியுங்கள். அவர் வலுவான எதிராளி, அவரைப் படிக்காமல் மார்ஷலைப் படித்தால் காற்றோடு சண்டை போடுவதுபோலத் தோன்றும். நேரம் குறைவென்றால் ஒன்பதில் கடைசிக் கட்டுரைகளுக்குப் போய்விடுங்கள், நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்ற ரோனின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பதில் வந்த இரண்டே மாதத்தில், 1819 செப்டம்பரில், ஒஹாயோ மாநில அதிகாரிகள் இதே வங்கியின் சில்லிகாதி கிளைக்குள் புகுந்து வரி என்று சொல்லி ஒரு லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கும் 1824இல் மார்ஷல்தான் தீர்ப்பு எழுதினார், இந்த முறை சொந்தப் பெயரில் மட்டும்.