முதலாளியே வேண்டாம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். ஞாயிறு லீவுதான், முதலாளியே வேண்டாம் என்றாலும் போய்விடுகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். கம்பெனியில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் பிரஷர் 152/98 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு பீரோவுக்குள் கிடக்கிறது. மாமியாரோ, "குடிக்கிறானா, சீட்டாடுறானா? உழைக்கத்தானே செய்றான்" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா டாக்டர்?
- வாசகி, திருப்பூர்

பதில்: இல்லையம்மா. பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள்.

ஷிப்மெண்ட் வாரத்தில் ராத்திரி தங்குவது உங்கள் ஊரில் சகஜம். டையிங்கில் துணி தாமதமாகும், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் மெயில் நம் ராத்திரியில்தான் வரும். ஆனால் சரக்கு கிளம்பியதும் மற்றவர்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். உங்கள் கணவரால் அது முடியவில்லை. வேலை இல்லாத நாள்தான் அவரைப் படுத்துகிறது. கடின உழைப்புக்கும் வேலை அடிமைத்தனத்துக்கும் நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இதற்காக ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். வேலை செய்யவிடாமல் தடுத்தால் பதற்றம் வருகிறதா, குறைத்துக்கொள் என்று பிறர் சொல்லியும் கேட்காமல் இருக்கிறீர்களா, வேலையால் உடம்பு கெட்டிருக்கிறதா என்றெல்லாம் போகும். நாலு கேள்விக்காவது 'அடிக்கடி' அல்லது 'எப்போதும்' என்று பதில் வந்தால் கவனிக்க வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே மூன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. அதனால் டாக்டர் சீட்டில் இந்தப் பெயரைத் தேடாதீர்கள். பிரஷர், தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் என்று வேறு பெயர்களில் வந்து நிற்கும்.

உங்கள் கணவரின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும், ஞாயிற்றைச் சேர்க்காமலே, வாரம் 70 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து அறிவித்தன. 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. 152/98 உள்ளவரைப் பற்றி இதைப் படிக்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

அதனால் சண்டையை ஒதுக்கிவையுங்கள். முதலில் பிரஷரைப் பாருங்கள். முழங்கைக்கு மேலே பட்டை கட்டும் மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் காபிக்கு முன்னால், நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். போன் அப்போது கையில் இருக்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். ராத்திரியும் அதேபோல. ஏழு நாள் எழுதினால் போதும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அது ரத்தக்கொதிப்புதான். 'டென்ஷன்ல ஏறியிருக்கும்' என்ற பேச்சுக்கு அப்புறம் இடமிருக்காது. அந்தத் தாளையும் பீரோவில் உள்ள சீட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் டாக்டரிடம் போங்கள். மாமியாருக்கும் காட்டுங்கள். மகனின் உழைப்பைக் குறை சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும். பிரஷர் என்றால் எந்தத் தாயும் காது கொடுப்பாள்.

போனைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள், பதற்றம்தான் கூடும். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். சாம்பிள் ஃபாலோ-அப் மாதிரி ஏதாவது ஒரு வேலையை ஜூனியரிடம் விடச் சொல்லிப் பாருங்கள். முதலாளி நல்லவராகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறக்க வேண்டாம் என்று அவரிடமே கேட்கலாம். உங்கள் கணவர் மனம் விட்டுப் பேச விரும்பினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

நெஞ்சு இறுக்கமோ, ஒரு பக்கம் கை மரத்துப்போவதோ, பேச்சுக் குழறலோ வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "இந்த மெயிலை அனுப்பிட்டு வர்றேன்" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.