கரும்புத் தோட்டத்துக்கு எந்தப் பக்கி (பிக்கப் வண்டி) வாங்குவது?

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கருக்குப் பக்கத்தில் எனக்கு 18 ஹெக்டேர் கரும்பு இருக்கிறது, 4 ஹெக்டேரில் பீன்ஸ், கத்தரி, மிளகாய் போடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் டர்பன் கிளேர்வுட் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறோம். 1,000 லிட்டர் தண்ணீர் டாங்கி வைத்த டிரெய்லரைத் தோட்டத்துக்குள் அடிக்கடி இழுக்க வேண்டும். சின்ன டிராக்டரை வருஷத்தில் மூன்று நான்கு தடவை தம்பி நிலத்துக்குக் கொண்டுபோவோம். பழைய பக்கி 3,40,000 கி.மீ. ஓடி ஓய்ந்துவிட்டது. கையில் 1,50,000 ராண்ட் இருக்கிறது. மகனுக்கு ஃபோர்டு ரேஞ்சர் வி6 டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) மேல் ஆசை. விலை 11,20,000. 11% வட்டி, 72 மாதம், 35% பலூன் (கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை) வைத்தால் மாதம் 14,600தான் என்று டீலர் சொல்கிறார். மச்சான் லேண்ட் குரூசர் 79தான் வாங்க வேண்டும் என்கிறார், அது 8 லட்சத்துக்கு மேல். என் மனசில் இருப்பது ஹைலக்ஸ் 2.8 சிங்கிள் கேப் (ஒரே வரிசை இருக்கை), 4x4, விலை 6,90,000. எனக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு உண்டு. குடும்பத்துக்கு ஒரு கரோலா தனியாக இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனசில் இருக்கிற அந்த சிங்கிள் கேப்பையே வாங்குங்கள். பலூன் வேண்டாம். தவணையை 60 மாதத்தில் முடியுங்கள். ரேஞ்சர் மோசமான வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. 184 கிலோவாட், 600 நியூட்டன் மீட்டர் என்பது பெரிய பலம், ஏற்றத்தில் சுமையோடு போகும்போது அந்த வி6 எஞ்சினுக்கு ஈடு கொடுக்கிற பக்கி நம் ஊரில் அதிகம் இல்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அவ்வளவு பலம் தேவையா, அதற்குக் கொடுக்கிற விலையை உங்கள் கரும்பு தாங்குமா என்பதுதான் என் கவலை.

முதலில் அந்த 14,600ஐப் பார்ப்போம், ஏனென்றால் டீலர்கள் எல்லோரும் கையில் எடுப்பது மாதத் தவணையைத்தான். உங்கள் முன்பணம் போக 9,70,000 கடன். பலூன் இல்லாமல் 72 மாதம் கட்டினால் மாதம் 18,460 வரும். பலூன் வைத்ததும் அது 14,600 ஆகக் குறைகிறது, மாதம் கிட்டத்தட்ட 3,900 மிச்சம் மாதிரி தெரிகிறது. ஆனால் ஆறு வருஷம் கட்டி முடித்த அன்றைக்கு 3,92,000 ராண்ட் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த 3,92,000க்கும் ஆறு வருஷம் முழுக்க வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வட்டி மட்டுமே பலூன் இல்லாத கணக்கைவிட 1 லட்சத்து 13 ஆயிரம் கூடுதலாகப் போகும். அப்புறம் நீங்கள் சந்தைக்குப் போய் வருவது ஒரு நடைக்கு 150 கி.மீ.க்கு மேல், வாரத்தில் மூன்று நடை என்றால் வருஷத்துக்கு 25,000 கி.மீ. பக்கம். ஆறு வருஷத்தில் சந்தை ஓட்டம் மட்டுமே 1,50,000 கி.மீ. ஆகிவிடும், அதற்கு மேல் தோட்ட வேலை வேறு. சேற்றிலும் கரும்புத் தூசியிலும் அவ்வளவு ஓடின டபுள் கேப்பை அன்றைக்கு விற்றால் 3,92,000க்குப் போகுமா? போகலாம். போகாவிட்டால் குறைகிற பணம் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பலூனையே மறுபடி கடனாக மாற்றிக் கட்ட வேண்டும். அப்படி மாற்றி மாற்றிப் பத்து வருஷம் ஒரே வண்டிக்குக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

இப்போது வாட். உங்கள் கேள்வியில் பெரிய பணம் ஒளிந்திருப்பது இங்கேதான், டீலரும் மச்சானும் அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். வாட் சட்டத்தில் டபுள் கேப் பக்கி 'மோட்டார் கார்' வகையில் வந்துவிடுகிறது, பண்ணை வேலைக்கே ஓட்டினாலும் அதை வாங்கும்போது கட்டின வாட் திரும்பி வராது. சுமை ஏற்றுவதற்கென்றே செய்த சிங்கிள் கேப்புக்கு அந்தத் தடை இல்லை. 6,90,000க்குள் இருக்கிற 15% வாட்டைப் பிரித்துப் பாருங்கள்: சரியாக 90,000 ராண்ட். காய்கறி பூஜ்ய வரியில் விற்கிறோமே, நமக்குத் திரும்பி வருமா என்று சிலர் குழம்புவார்கள். வரும், பூஜ்ய வரி என்பதும் வாட் கணக்குக்குள் இருக்கிற விற்பனைதான். சொந்த வேலைக்கும் கொஞ்சம் ஓட்டினால் அந்தப் பங்கைக் கழித்துக் காட்ட வேண்டும், அதை உங்கள் கணக்காளரோடு பேசி முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். விலைச்சீட்டு உங்கள் பெயரிலும் வாட் எண்ணிலும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

இதை வைத்துக் கணக்குப் போட்டால்: 6,90,000இல் முன்பணம் போக 5,40,000. 60 மாதத்துக்கு மாதம் 11,740. வாட் 90,000 திரும்பி வந்ததும் வேறு எதற்கும் தொடாமல் அப்படியே கடனில் போட்டால், 4,50,000க்குக் கடன் வாங்கின மாதிரி, மாதம் 9,800 பக்கத்துக்கு இறங்கும். 2005 தேசிய கடன் சட்டப்படி நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் பணம் கட்டலாம், அபராதம் கிடையாது. கட்டும்போது 'அசலில் வரவு வையுங்கள்' என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். மொத்தக் கடனையும் முன்கூட்டியே முடிப்பது வேறு விஷயம். 2,50,000க்கு மேற்பட்ட கடனில் அதற்கு மூன்று மாத வட்டி வரை கேட்கலாம், அதனால் மூன்று மாதம் முன்பே அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

கரும்புக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலை அரைப்பது ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் கரும்புப் பணம் மெலிந்துபோகும், காய்கறி மட்டும்தான் வீட்டையும் கூலியையும் தாங்க வேண்டும், அதுவும் மழை அடித்துப் பெய்தால் சந்தைக்கு ஏற்ற ஒன்றும் இருக்காது. 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனி வணிக மீட்பு (திவாலாகாமல் காப்பாற்றும்) நடவடிக்கைக்குள் போனபோது இந்தக் கரையோரத்தில் கரும்பு போட்ட எல்லோர் வயிற்றிலும் புளி கரைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் நல்ல மாதத்தில் கட்ட முடிகிற தவணை எவ்வளவு என்று பார்க்காதீர்கள், மார்ச் மாதத்தில் கட்ட முடிகிற தவணை எவ்வளவு என்று பாருங்கள். விவசாயிகளுக்கு அறுவடைப் பணத்தோடு பொருந்துகிற மாதிரி அரையாண்டு அல்லது ஆண்டுத் தவணை போட்டுக் கொடுக்கிற வங்கிகள் இருக்கின்றன. டீலர் மேஜையில் இருக்கிற படிவத்தில் அது இருக்காது. நீங்களே உங்கள் வங்கியின் விவசாயப் பிரிவுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

சரி, இழுவைக்கு வருவோம். ஹைலக்ஸ் 2.8, ரேஞ்சர் வி6, லேண்ட் குரூசர் 79 மூன்றுக்குமே 3,500 கிலோ என்றுதான் விளம்பரத்தில் இருக்கும். அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. இன்றைக்கு சாயங்காலம் உங்கள் பழைய பக்கியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற லைசென்ஸ் டிஸ்க்கைப் பாருங்கள். அதில் 'டேர்' என்று ஓர் எடை அச்சடித்திருக்கும், அது வண்டியின் வெற்று எடை. பிறகு டிரெய்லரிடம் போய் அதன் தகட்டைத் துடைத்துவிட்டு மொத்த எடை எவ்வளவு என்று படியுங்கள். அன்றைக்கு ஏற்றியிருக்கிற சுமையை எடுத்துக்கொள்ளக் கூடாது, தகட்டில் எழுதியிருக்கிற எடையைத்தான் பார்க்க வேண்டும். 750 கிலோவுக்கு மேலே போனால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது, வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுவதால் தானாகப் பிடிக்கிற பிரேக். அந்த வகை பிரேக் மட்டும் இருந்தால் டிரெய்லரின் மொத்த எடை இழுக்கிற வண்டியின் வெற்று எடையைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் இழுக்க, ஓட்டுகிறவர் மிதிக்கிற பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்கிற பிரேக் டிரெய்லரிலும் இருக்க வேண்டும்.

இந்த பக்கிகளின் வெற்று எடை 2 டன்னை ஒட்டித்தான் இருக்கும், சிலது கொஞ்சம் கூட, சிலது குறைய. உங்கள் தண்ணீர் டிரெய்லர் நிறைந்தால் ஒன்றரை டன் வரும், இந்த எடைக் கணக்கில் அது எந்த பக்கிக்கும் பிரச்சினை இல்லை. (டாங்கியை ஒன்று நிரப்பிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோங்கள். பாதித் தண்ணீர் உள்ளே அலைந்து சரிவில் வண்டியையே தள்ளும்.) டிராக்டர்தான் சிக்கல். டிராக்டர் 2 டன், அதைத் தாங்குகிற டிரெய்லர் 600 கிலோ என்றாலே வெற்று எடையைத் தாண்டியாகிவிட்டது. ஆறு சிலிண்டர் எஞ்சின் வாங்கினாலும் இது மாறாது, ஏனென்றால் இது பலத்தின் கணக்கு இல்லை, நிறுத்துவதன் கணக்கு. வருஷத்தில் மூன்று நான்கு தடவைக்காக 4 லட்சம் அதிகம் கொடுத்து வண்டி வாங்குவதைவிட, அந்த நாட்களுக்கு லோபெட் லாரி (தாழ்வான தளம் உள்ள லாரி) வாடகைக்குப் பிடியுங்கள். தம்பியும் பாதி கொடுக்கட்டும், டிராக்டர் அவர் நிலத்துக்குத்தானே போகிறது.

மச்சானின் லேண்ட் குரூசர் 79 பற்றி: வண்டி உறுதி, பத்து வருஷம் கழித்தும் விலை நிற்கும், அவர் சொல்வதில் தப்பில்லை. உள்நாட்டில் கல்லும் ஆறுமாகக் கிடக்கிற மாட்டுப் பண்ணையில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி என்2 தார்ச்சாலையில், காய்கறிப் பெட்டிகளோடு. அதற்கு அது தேவைக்கு மேல். ஐசுசு டி-மேக்ஸ் 1.9, 110 கிலோவாட், 350 நியூட்டன் மீட்டர், காய்கறிக்குத் தாராளமாகப் போதும், விலையும் குறைவாக வரும். ஆனால் ஒன்றரை டன் தண்ணீரோடு ஈரமான ஏற்றத்தில் அது திணறும் என்பதால்தான் உங்களுக்கு 2.8 சொல்கிறேன். ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில்தான் செய்கிறார்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலை மாதக்கணக்கில் முடங்கியது என்றாலும் உதிரிபாகமும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். சந்தை நாளில் வண்டி நின்றால் அன்றைய பீன்ஸ் வீணாகிவிடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹைலக்ஸில் ஒரு குறை உண்டு. திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி. டிராக்கர் (வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) பொருத்தச் சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள், பிரீமியமும் கூடலாம். ஆகவே வாங்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இரண்டு மூன்று இடத்தில் காப்பீட்டு விலை கேளுங்கள், அந்தத் தொகையைத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். பாலிசியில் சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான காப்பீடு) சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், 2021 ஜூலையில் நம் மாகாணத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காலத்தில் தோட்டத்தில் நின்று வேலை செய்ய வருகிற பிள்ளை கிடைப்பது பெரிய விஷயம், அவன் ஆசையை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். மேலே உள்ள கணக்கை அவனையே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு வழிக்கும் மாதத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு ராண்ட் வித்தியாசம், கடைசியில் 3,92,000 பாக்கி இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அவன் பெயரில் போட்டு, சொட்டுநீர்ப் பாசனமோ வேறு பயிரோ, அவன் சொல்கிற ஒன்றைத் தோட்டத்தில் செய்யக் கொடுங்கள்.

வண்டி வருவதற்கு முன் அவன் லைசென்ஸ் அட்டையையும் பார்த்துவிடுங்கள். உங்களுடையது பழைய 'கோட் 8' வகை லைசென்ஸ் என்றால் இப்போது 'இபி' என்று இருக்கும். அவன் வெறும் காரில் டெஸ்ட் கொடுத்து வாங்கியிருந்தால் 'பி'தான் இருக்கும், அதை வைத்து 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க முடியாது. இழுத்து விபத்து ஆனால் காப்பீடு கையை விரித்துவிடும். இபி டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்கத் தாமதமாகும், அதனால் இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள்.