துணி, துணிவு, துணிச்சல்

கேள்வி: ஏற்காடு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு கையையும் விட்டு பைக் ஓட்டி வீடியோ போடுகிறார்கள். என் பையன் அதைத் 'துணிச்சல்' என்கிறான். நான் 'கொழுப்பு' என்கிறேன். வீரம், தைரியம், துணிச்சல் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகர், கோரிமேடு, சேலம்

பதில்: உங்கள் சொல்லை எடுத்துக்கொண்டால் பையன் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவான். அதனால் அவன் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். துணிச்சல். அதன் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்: துணி. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஊர் நம்முடையது, இதைக்கூடக் கவனிக்காவிட்டால் எப்படி?

துணித்தல் என்றால் வெட்டுதல். பாவிலிருந்து வெட்டி எடுத்தது துணி. நாம் தோளில் போடும் துண்டும் அதற்குப் பங்காளிதான். அப்படியே, 'செய்யலாமா, வேண்டாமா' என்று இழுத்துக்கொண்டே போகும் மனசை ஓர் இடத்தில் வெட்டி நிறுத்துவது துணிதல். 'எண்ணித் துணிக கருமம்' என்று 467ஆம் குறள் சொல்வது 'முடிவெடு' என்ற பொருளில்தான். கண்ணை மூடிக்கொண்டு குதிக்கச் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வாடிக்கையான தையல்காரர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் என் மனைவி ஒரு பட்டு ரவிக்கைத் துணியைக் கொடுத்தாள். மனிதர் அதை மேஜைமேல் விரித்தார். அளவு ரவிக்கையை மேலே வைத்தார், எடுத்தார். சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கட்டைவிரலால் அழித்தார். டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, அழித்த இடத்திலேயே மறுபடி கோடு போட்டார். "இன்னைக்கு வெட்டுவீங்களா?" என்று கேட்டேன். "வெட்டினா ஒட்டாதுங்க" என்றார். அப்புறம் கத்தரியை எடுத்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டம். நடுவில் போன் அடித்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்பீஸ் வரைக்கும் 'எண்ணி', கத்தரி 'துணிக'. பரிமேலழகரே கடைக்கு வந்திருந்தாலும் இதைவிடத் தெளிவாக விளங்கியிருக்காது எனக்கு. உங்கள் மலைப்பாதைப் பையன்களிடம் கத்தரி மட்டும்தான் இருக்கிறது. வெட்டுகிற துணியும் அவர்களுடையது இல்லை, வீட்டில் காத்திருக்கிற அம்மாவுடையது.

தைரியத்துக்கு வருவோம். இதைப் பாராட்டுக்குப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'உனக்கு என்ன தைரியம்!' என்றால் திட்டு. தட்டுவடை செட் கடையில் 'தைரியமாச் சாப்பிடுங்க, காரமே இல்லை' என்றால் பொய். டாக்டர் 'தைரியமா இருங்க' என்றால் பயப்பட ஆரம்பிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் போஸ்ட் கார்டை எடுத்திருப்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்மாபேட்டைக்காரர். இந்தப் பக்கத்தில் 'தைரியம்' வந்தால் மறுவாரமே 'வடசொல்! தறுகண் என்று எழுதும்!' என்று கார்டு வந்துவிடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேவநேயப் பாவாணர் 1944 முதல் 12 ஆண்டுகள் இங்கே நகராட்சிக் கல்லூரியில் பாடம் நடத்தினார். சொல்லைக் கண்டால் தோண்டி வேர் பார்க்கும் பழக்கம் இந்த ஊர்த் தண்ணீரில் கலந்துவிட்டது. (நான் மேலே துணியைத் தோண்டியதும் அதே கோளாறுதான்.) ஆனால் ஐயா, 'தறுகண்ணோடு ஊசி போட்டுக்கொள்' என்று எந்தக் குழந்தையிடம் சொல்வது? அது அழுகையை நிறுத்தாது, என்னைப் பார்த்துச் சிரிக்கும். உங்கள் தறுகண் தொல்காப்பியத்தில் இருப்பது தெரியும். வீரச் சுவையை அங்கே பெருமிதம் என்கிறார்கள். அது பிறக்கும் இடங்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு. அதில் முதலில் நிற்பது கல்வி. ஆசிரியரான நீங்கள் அதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷமாக என்னோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

தீரம் பாவம். தனியாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வீரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜனவரி 26 அன்று 'வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம்' என்று மேடை ஏறும். ஆகஸ்ட் 15 அன்று பெண்களுக்குக் கொடுக்கும் கல்பனா சாவ்லா விருதில் அரசாங்கம் போடும் சொல் துணிவு. மூன்றும் ஒன்றில்லை என்று கோட்டையில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

வீரத்தைத்தான் நாம் வாரி இறைத்துவிட்டோம். மாடு பிடிக்கிறவர் வீரர், தீயணைக்கிறவர் வீரர், சரி. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேரம் ஆடுகிறவரும் வீரர், செஸ் ஆடுகிறவரும் வீரர். ஃபிளெக்ஸ் போர்டில் வார்டுக்கு ஒரு 'மாவீரன்'. ஏற்காட்டு எஸ்டேட்களில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சிவரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து ஏறி, இடுப்பில் சாக்குப் பையோடு பறிப்பார்கள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'ஆள்'. 'நாலு ஆள் வந்திருக்கு' என்பதோடு சரி. அப்படி ஏறி இறங்கிய ஒருவரிடம், "பயமே இல்லையாங்க உங்களுக்கு?" என்று பட்டணத்துக்காரன் தோரணையில் கேட்டுத் தொலைத்தேன். இடுப்பை மரத்தோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அப்புறம் இது எதுக்குங்க?" என்றார்.

உங்கள் பையனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கொழுப்பு பற்றிக் கேட்டீர்களே, அதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், அது அசல் தமிழ். அம்மாபேட்டைப் பெரியவருக்கு: இந்தப் பதிலில் 'தைரியம்' எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி எழுதவும். ஒரு கார்டில் இடம் போதாவிட்டால் இரண்டு கார்டு.