கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையிலிருந்து பழைய தரவை விரைவாக நீக்குவது எப்படி?

ஓராண்டுக்கு முந்தைய பதிவுகளை நீக்க ஒரே டெலீட் கட்டளையை இட்டால், அது மணிக்கணக்கில் ஓடி மற்ற வேலைகளையும் முடக்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் அட்டவணையின் எல்லா இண்டெக்ஸ்களிலும் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்கள்) தரவுத்தளம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது; அதே வரிசைகளை மற்றவர்கள் மாற்றாமல் தடுக்கும் லாக்குகளையும் டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) முடியும்வரை விடுவதில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ஒரு கட்டளை ஓர் அட்டவணையின்மீது ஏறத்தாழ 5,000 லாக்குகளை எட்டினாலே, அவை முழு அட்டவணைக்கான ஒரே லாக்காக மாறக்கூடும்.

முதலில் ஃபாரின் கீகளை, அதாவது ஓர் அட்டவணையின் வரிசையை இன்னோர் அட்டவணையின் வரிசையோடு இணைக்கும் நெடுவரிசைகளைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சார்ந்திருக்கும் அட்டவணையின் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் உருவாக்குவதில்லை; அது இல்லையென்றால், நீக்கப்படும் ஒவ்வொரு வரிசைக்காகவும் அந்த அட்டவணை முழுவதும் தேடப்படும். பல நேரங்களில் தாமதத்துக்கு இதுவே காரணம் என்பதால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

பிறகு, சில ஆயிரம் வரிசைகள் கொண்ட தொகுதிகளாக நீக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தை நிலையாக்குங்கள்). மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் டெலீட்டோடு லிமிட் (எத்தனை வரிசைகள் என்ற வரம்பு) சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டலாம் என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனெனில் நீக்கப்பட்டும் இன்னும் துப்புரவு செய்யப்படாத வரிசைகளை ஒவ்வொரு முறையும் கடந்துவர வேண்டியிருப்பதால், போகப்போக அது மெதுவாகும். எந்த பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாளம்) வரை முடித்தோம் என்பதை நினைவில் வைத்து, அடுத்த தொகுதியை அங்கிருந்தே தொடங்குவது நிதானமான, நம்பத்தக்க வழி. தேதி நிபந்தனையையும் கூடவே வைத்திருங்கள். போஸ்ட்கிரெஸில் நீக்கிய இடம் பெரும்பாலும் இயக்க முறைமைக்குத் திரும்பாது, வேக்யூம் என்ற துப்புரவுக்குப் பிறகு புதிய வரிசைகளுக்கே பயன்படும். ஆகவே வட்டில் அட்டவணை பிடித்திருக்கும் இடம் குறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

வைத்திருக்க வேண்டியது சிறு பகுதி மட்டும் என்றால், அதைப் புதிய அட்டவணைக்கு நகலெடுத்துப் பெயரை மாற்றிவிடுவது பல மடங்கு விரைவு. ஆனால் நகலெடுக்கும்போது வரும் புதிய பதிவுகளை விட்டுவிடக் கூடாது.

நீக்கம் மாதந்தோறும் நடக்கும் வேலை என்றால், அட்டவணையைத் தேதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷனே சரியான தீர்வு என்பது என் உறுதியான கருத்து. பழைய மாதத்தின் பார்ட்டிஷனை டிராப் செய்கையில் (முழுதாக அகற்றுகையில்) வரிசைகள் ஒவ்வொன்றாகத் தொடப்படுவதே இல்லை. போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பிலிருந்து நேரடியாக இருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: பிரைமரி கீயில் தேதி நெடுவரிசையும் இடம்பெற வேண்டும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சினில் பார்ட்டிஷன் செய்த அட்டவணைக்கு ஃபாரின் கீ வைக்க முடியாது. வரப்போகும் மாதங்களுக்கான பார்ட்டிஷன்களையும் முன்கூட்டியே உருவாக்கும் தானியங்கிப் பணியை அமைத்துவிடுங்கள். பொருந்தும் பார்ட்டிஷன் இல்லாவிட்டால் புதிய பதிவு பிழையோடு நிராகரிக்கப்படும்.