லித்தியம் சிவப்பணுவுக்குள் போனால் ரத்தம் கெடுமா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி இருமுனை மனநிலைக் கோளாறுக்காக மூன்று வருடமாக லித்தியம் கார்பனேட் மாத்திரை எடுக்கிறார். தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர், இப்போது கரையில் இருக்கிறார். போன மாதம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தபோது லித்தியம் 2.6 என்று ரிப்போர்ட் வந்து வீடே பதறிவிட்டது. மறுநாள் வேறு லேபில் 0.7. இதற்கிடையில் நர்ஸாக இருக்கும் உறவினர் ஒருவர், "லித்தியம் ரத்த அணுவுக்குள்ளேயும் போகும், அதைத் தனியாகப் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அம்மை, ரத்தமே கெட்டுவிடும் என்று பயந்து தம்பியின் சாப்பாட்டில் உப்பைப் பாதியாக்கிவிட்டார். கருவாடும் நின்றுபோயிற்று. "மாத்திரையையும் நிறுத்திவிடலாமா சார்? அணுவுக்குள் பார்க்கிற டெஸ்ட் எங்கே எடுப்பார்கள்?" என்பது கேள்வி.

சகோதரி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உப்பை இன்றைக்கே பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், குறைத்திருந்ததைத் தம்பியின் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இந்தக் கதையில் எனக்குக் கவலை தருவது 2.6 அல்ல, அந்த உப்புதான்.

முதலில் 2.6. தம்பி அன்று வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு, எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்கிற மருந்து இது. 1.5-ஐத் தாண்டினாலே நச்சு அறிகுறிகளைத் தேட வேண்டும். வருடக்கணக்கில் மாத்திரை எடுப்பவருக்கு உண்மையிலேயே 2.6 இருந்தால் கை உதறும், நடை தள்ளாடும், நாக்கு குழறும். இன்னொன்று, உடம்பில் லித்தியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 18 முதல் 36 மணி நேரம் ஆகும். அப்படியிருக்க, ஒரே நாளில் 2.6 எப்படி 0.7 ஆகும்? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் லேபில் பச்சை மூடி ட்யூபில் ரத்தம் எடுத்தார்கள் என்கிறீர்கள். ரத்தம் உறையாமலிருக்க அந்த ட்யூபின் உள்சுவரில் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் பூசியிருப்பார்கள். லித்தியத்தை அளக்க எடுத்த ரத்தத்தில் ட்யூபே லித்தியத்தைக் கலந்துவிடுகிறது! இதனால் அளவு 1 முதல் 4 மில்லிமோல் வரைகூட பொய்யாக ஏறலாம். ட்யூபில் ரத்தம் குறைவாக எடுத்திருந்தால் இன்னும் மோசம்.

சரி, இப்போது சிவப்பணு. உறவினர் சொன்னது உண்மைதான், லித்தியம் உள்ளே போகும். ஆனால் அது போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பதில்லை.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. சவ்வால் ஆன பை, உள்ளே ஹீமோகுளோபின், அவ்வளவுதான். அந்தச் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளுக்கென்று (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) தனித்தனி வழிகள் உண்டு. லித்தியத்துக்கு என்று சொந்த வழி எதுவும் இல்லை. அது சோடியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த உலோகம், ஆகவே மற்றவர்களின் வாசலில் நுழைகிறது. கொஞ்சம் சவ்வின் வழியே கசிகிறது. கொஞ்சம் ரத்தத்திலுள்ள கார்பனேட்டோடு ஒட்டிக்கொண்டு, குளோரைடும் பைகார்பனேட்டும் இடம் மாறுகிற வாசல் வழியே போகிறது. சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற சோடியம்–பொட்டாசியம் பம்ப் வழியாக நுழைவது சொற்பம், ஏனென்றால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வெளியே வருகிற வழிதான் அழகு. கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் எப்போதும் கூட்டம், பாறையில் அதைவிடக் குறைவு. படகு கரையில் ஆளை ஏற்றி, பாறையில் இறக்கி, அங்கிருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. சிவப்பணுவின் சவ்விலும் இப்படி ஒரு படகு இருக்கிறது. வெளியே சோடியம் 140 மில்லிமோல் அளவில் நெருக்கியடிக்கிறது, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. படகு ஒரு சோடியத்தை உள்ளே விட்டு, ஒரு லித்தியத்தை வெளியே எடுத்து வருகிறது. இதற்குச் சோடியம்–லித்தியம் எதிர்மாற்றம் என்று பெயர். சவ்வின் மின்னழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், லித்தியம் வெளியே இருப்பதைவிட உள்ளே சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். இந்தப் படகு விடாமல் ஓடுவதால் பலருக்கு வெளியிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி, அவ்வளவுதான் உள்ளே நிற்கிறது. தம்பியின் 0.7-க்கு உள்ளே சுமார் 0.2, 0.3 இருக்கலாம். அதனால் ரத்தம் கெடாது, அம்மையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

மாணவப் பருவத்தில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். சிவப்பணுக்களை லித்தியம் குளோரைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, ஒரு பாதியைச் சோடியம் உள்ள கரைசலிலும் மறுபாதியைச் சோடியம் இல்லாத கரைசலிலும் போட வேண்டும். பிறகு மேலே தெளிந்த நீரை எடுத்துச் சுடர் ஒளிமானியில் விட்டால், சுடரில் லித்தியம் தருகிற சிவப்பு ஒளியை மட்டும் பிரித்து அது அளந்து காட்டும். சோடியம் இருந்த பக்கம் லித்தியம் வேகமாக வெளியேறியிருந்ததை அன்று கண்ணால் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. இதே சோதனையை வைத்துத்தான் 1980-இல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பலருக்கு இந்தப் படகு வேகமாக ஓடுகிறது என்று கண்டார்கள்.

அப்படியானால் அணுவுக்குள் ஏன் அளந்து பார்ப்பதில்லை? மூளைக்குள் எவ்வளவு லித்தியம் என்பதைச் சிவப்பணு காட்டிவிடும் என்று 1970-களில் பெரிய நம்பிக்கை இருந்தது. அது நிலைக்கவில்லை. படகின் வேகம் பரம்பரையாக ஆளுக்கு ஆள் மாறுகிறது. லித்தியம் சில வாரம் எடுத்தாலே படகு மந்தமாகி, உள்ளே இருக்கும் பங்கு கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நரம்புச் செல்லில் சோடியத்துக்கென்று திறக்கிற வாசல்கள் உண்டு, லித்தியம் அதில் தாராளமாக நுழையும். சிவப்பணுவில் அந்த வாசலே இல்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்ல முடியாது. அந்த டெஸ்டைத் தேடி நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய வேண்டாம்.

இனி உப்பு, அதாவது அதிலுள்ள சோடியம். சிறுநீரகமும் லித்தியத்தைச் சோடியத்தின் சொந்தக்காரனாகவே நடத்துகிறது. வடிகட்டிய லித்தியத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சோடியத்தோடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைத்தால், உடம்பு சோடியத்தை இன்னும் இறுகப் பிடித்துவைக்கும், கூடவே லித்தியமும் தங்கிவிடும். மாத்திரை அதேதான், அளவு மட்டும் ஏறும். அம்மை பாசத்தில் செய்தது, ஆனால் அவர் எதற்குப் பயந்தாரோ அதையே அது கொண்டுவரக்கூடும். உப்பு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வழக்கமான அளவு ஒரே சீராக இருந்தால் போதும். மீன்கறியும் கருவாடும் முன்பு போலவே நடக்கட்டும்.

கடலுக்குப் போகும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில் வியர்வையோடு உப்பும் நீரும் போகிறது, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் வேகமாகப் போகும். குடிதண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். உடம்புவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் மாத்திரைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும், குறிப்பாக நீர் பிரியவைக்கிற தையசைடு வகை, அப்படித்தான். நடுக்கடலில் வயிற்றுப்போக்கு வந்தால் லித்தியத்தை என்ன செய்வது என்று, கரையில் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கை பெரிதாக உதறினாலோ, பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, தூங்கி வழிந்தாலோ பயணம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படகு திரும்ப வேண்டும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும்.

உப்பு மாறியிருப்பதால், பழைய அளவுக்கு வந்து ஒரு வாரம் கழித்து லித்தியத்தை மறுபடி பார்ப்பது நல்லது, மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின், தைராய்டு பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடலாம். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். ஊசி போடும் முன், "இது லித்தியம் டெஸ்ட், ஹெப்பாரின் ட்யூப் வேண்டாம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.