‘நலிவு’ என்றால் என்ன? எங்கே பயன்படுத்தலாம்?

நலிவு என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, களைத்து, அந்த நிலையிலேயே நீடிப்பது. ஒரே நாளில் விழுவதை யாரும் நலிவு என்று சொல்வதில்லை.

ஏன் அப்படி? பழைய தமிழில் ‘நலிதல்’ என்பதற்கு ‘வருத்துதல்’ என்ற பொருளும் உண்டு. பெரியாழ்வார் “எய்ப்பு என்னை வந்து நலியும்போது” என்கிறார். அதாவது, தளர்ச்சி வந்து தன்னை வாட்டும்போது. இன்று வருத்துவதைவிட, வருந்தித் தேய்வதற்கே இந்தச் சொல் அதிகம் பயன்படுகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று விடாமல் வாட்டுகிறது என்ற சாயல் அதில் இன்னும் இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது அதுதான்.

மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பூச்சி சாற்றை உறிஞ்ச உறிஞ்ச இலை சுருங்கும், மொட்டு உதிரும், ஆனால் செடி நின்றுகொண்டுதான் இருக்கும். அதுதான் நலிவு. அதே செடியை வெட்டிப் போட்டால் அது அழிவு.

நோயால் உடல் நலியும், நூல் விலை ஏறினால் கைத்தறி நலியும். நலிந்த கலைஞர்கள், நலிவுற்ற ஆலை, நலிந்த பிரிவினர் என்றெல்லாம் அரசு ஆவணங்களிலும் பார்க்கலாம். உடைந்த நாற்காலி, கிழிந்த சட்டைக்கு இது பொருந்தாது.

அப்புறம், ‘நலிந்த கலை’ என்றால் மறைந்துபோன கலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதை ஆடவும் பாடவும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.