மேடை நடனத்துக்கும் இரவுத் திருவிழாவுக்கும் எந்த ஜூம் லென்ஸ்?

கேள்வி: என்னிடம் சோனி ஏ6400 கேமராவும் அதோடு வந்த 16-50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். அரங்கில் ஃபிளாஷ் போடக்கூடாது. கோயில் திருவிழாவில் இரவு சுவாமி புறப்பாட்டையும் எடுப்பேன். இரண்டு இடத்திலும் படங்கள் கலங்கிவிடுகின்றன, இல்லையென்றால் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. சோனியின் சொந்த லென்ஸ் வாங்க வசதியில்லை. சிக்மா 18-50, டாம்ரான் 17-70 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரரோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து டாம்ரான் 18-300 ஒன்றே போதும் என்கிறார். இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எது சரி? வேறு நிறுவன லென்ஸ் போட்டால் கேமராவுக்குக் கெடுதல் உண்டா? - மதுரை வாசகர்

பதில்: 18-300ஐ முதலில் ஒதுக்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது நல்ல லென்ஸ்தான். ஆனால் அதன் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 3.5இல் தொடங்கி, ஜூமை நீட்ட நீட்டச் சுருங்கி, முடிவில் எஃப் 6.3க்குப் போய்விடுகிறது. இப்போது உங்களிடம் இருக்கும் லென்ஸின் கோளாறும் இதுவேதான். 16 மி.மீ.யில் எஃப் 3.5 கிடைக்கிறது, மகளின் முகத்தை நெருக்கமாகப் பார்க்க 50க்குத் திருப்பினால் எஃப் 5.6.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அபர்ச்சர் எண் இரட்டிப்பானால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மேடையில் ஷட்டர் வேகம் 1/250 நொடி, அபர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்) 3200 என்று சரியாக ஒரு படம் அமைகிறது என்று வையுங்கள். அதே படத்தை அதே ஷட்டர் வேகத்தில் எஃப் 5.6இல் எடுக்க ஐஎஸ்ஓ 12800 தேவைப்படும். எஃப் 6.3 என்றால் 16000. உங்கள் கேமராவில் 3200இல் எடுத்த படம் பெரிதாக்கி அச்சிடத் தாங்கும். 12800க்கு மேல் முகத்தின் தோல் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். பட்டுப் புடவையின் ஜரிகை கரைந்துபோகும். ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் கை, கால் எல்லாம் கலங்கும். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஆகவே ஜூம் முழுக்க எஃப் 2.8ஆகவே நிற்கும் லென்ஸ் வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டும் அப்படிப்பட்டவைதான். அடுத்து, எத்தனை மி.மீ. வரை வேண்டும் என்பது. கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இதில் உண்டு: அரங்கில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்?

உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சாரின் உயரம் 15.6 மி.மீ. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து 50 மி.மீ.யில் பார்த்தால், ஆறு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1.9 மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் அடங்கும். ஆடும் பெண் தலை முதல் சலங்கை வரை சட்டகத்தை நிறைப்பாள். 70 மி.மீ.யில் இதே அளவு கிடைக்க எட்டரை மீட்டர் வரை தள்ளி உட்காரலாம். பதினைந்து மீட்டர் தள்ளிப் பின்வரிசையில் இருந்தால் 50 மி.மீ.யில் 4.7 மீட்டர் உயரமும், 70இல் 3.3 மீட்டர் உயரமும் தெரியும். மேடைத் திரையும் மைக் கம்பமும்தான் படத்தில் பெரிதாக இருக்கும். அங்கிருந்து முழு உருவத்தைப் பிடிக்கவே 135 மி.மீ. தேவை. அந்த நிலைமை என்றால் இந்த இரண்டு லென்ஸுமே உங்களுக்கு உதவாது. டாம்ரான் 70-180 எஃப் 2.8 போன்ற ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். 2020இல் வந்த அதன் முதல் பதிப்பே 810 கிராம். புறப்பாட்டுக் கூட்டத்தில் அது பயன்படவே படாது.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஓராண்டில் எடுத்த நாட்டியப் படங்களையும் திருவிழாப் படங்களையும் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்த விவரம் படக் கோப்பிலேயே பதிந்திருக்கும். நாட்டியப் படங்கள் எல்லாம் 50இல் முட்டிக்கொண்டு நின்று, அதற்குப் பிறகும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தால், 18-50 வாங்குவதில் பொருளில்லை. 25, 35 என்று பரவிக் கிடந்தால் அது தாராளமாகப் போதும்.

சிக்மா 18-50 வெளிவந்தது 2021இல். எடை 300 கிராமுக்கும் குறைவு. ஏ6400 போன்ற சிறிய கேமராவில் மாட்டினால் கைக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். விலையும் டாம்ரானைவிடக் குறைவு. டாம்ரான் 17-70, 525 கிராம், கேமராவைவிடக் கனம். அந்தக் கனத்துக்குப் பதிலாக 70 வரை நீளமும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பும் கிடைக்கின்றன. ஏ6400இன் உடலுக்குள் அந்த அமைப்பு இல்லை, சிக்மாவிலும் இல்லை. அதனால் இது உங்களுக்கு முக்கியமான வேறுபாடு.

ஆனால் நடுக்கச் சமனிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும். ஆடுகிறவளின் அசைவை அடக்காது. நட்டடவு போடும் காலைக் கலங்காமல் பிடிக்க 1/500 வேண்டும். அபிநயத்துக்கு 1/200 போதும். இந்த வேகங்களில் நடுக்கச் சமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. அது கைகொடுப்பது திருவிழாவில்தான். வாகனம் மண்டகப்படியில் நிற்கிறது, தீபாராதனை தொடங்கவில்லை, விளக்கொளியில் கோபுரம் தெரிகிறது என்றால், அசையாத அந்தக் காட்சியை 1/15இல் கூடக் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். வீடியோ எடுப்பவர் என்றால் அது கட்டாயமே.

முதல் சில வரிசைகளில் உங்களுக்கு இடம் கிடைக்கும் என்றால் என் தேர்வு டாம்ரான் 17-70. கனமான லென்ஸ் வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் சிக்மா.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025இல் சிக்மா 17-40 எஃப் 1.8 வந்திருக்கிறது. எஃப் 2.8ஐவிட ஏறக்குறைய 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடும். தீவட்டி வெளிச்சத்தில், குறுகிய தெருவில், சுவாமிக்குப் பக்கத்தில் நின்று எடுப்பவருக்கு இதைவிட நல்ல ஜூம் இந்த வகைக் கேமராவில் நான் பார்த்ததில்லை. ஆனால் 40 மி.மீ.யோடு நின்றுவிடுவதால் மேடைக்கு எட்டாது. எஃப் 1.8இல் கூர்மையாக விழும் ஆழமும் மிகக் குறைவு. பக்கத்தில் நின்று எடுத்தால் தண்டு தாங்கி தெளிவாக இருப்பார், பல்லக்குக்குள் இருக்கும் சுவாமி மங்கிவிடுவார். மகளின் நாட்டியமும் வேண்டும் என்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. சோனி தன் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் அமைப்பான இ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. இந்த லென்ஸ்களில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், உருவக்கோணல் திருத்தம் எல்லாம் வேலை செய்கின்றன. மென்பொருள் புதுப்பிப்பையும் கேமரா வழியாகவே ஏற்றலாம். வேறு நிறுவன லென்ஸ் போட்டால் தொடர் படப்பிடிப்பு நொடிக்கு 15 படங்களுக்கு மேல் போகாது என்ற கட்டுப்பாட்டைச் சோனி வைத்திருக்கிறது. அது விலை உயர்ந்த கேமராக்காரர்களின் கவலை. ஏ6400இன் உச்சமே 11தான். கேனான் ஆர்எஃப் கேமரா வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 2024இல்தான் சிக்மாவும் டாம்ரானும் கேனானின் உரிமத்தோடு உள்ளே வந்தன.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டச் சொல்லி, நேரெதிரே நின்று, எஃப் 2.8இல் 17, 35, 70 என்று மூன்று படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். மூலைகள் நடுப்பகுதியைவிடச் சற்று மென்மையாக இருப்பது இயல்பு. ஆனால் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வேறு பிரதி கேளுங்கள். பிறகு கடையிலேயே இருட்டான மூலை ஒன்றைப் பார்த்து ஃபோகஸ் தடுமாறுகிறதா என்று பாருங்கள். இந்திய முகவரின் உத்தரவாத அட்டை இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய லென்ஸ் வாங்குவதானால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

லென்ஸோடு சேர்த்துக் கடையில் ஒரு யுவி ஃபில்டரை மாட்டிக் கொடுப்பார்கள். இரவில் அதைக் கழற்றிவிடுங்கள். சீரியல் விளக்கும் தீபமும் இருக்கும் படங்களில் பச்சை நிறப் புள்ளிகள் தலைகீழாக மிதப்பதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு துண்டுக் கண்ணாடிதான் காரணம். முன்கண்ணாடிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் லென்ஸோடு வரும் ஹூட் போதும்.

அரங்கில் சத்தம் வரக்கூடாது என்று ஓசையில்லாத ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள். எல்இடி விளக்கின் கீழ் அது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளை விழவைக்கும். சாதாரண ஷட்டரிலேயே எடுங்கள். மிருதங்கச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்கச் செய்யும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7இலிருந்து மைனஸ் 1 வரை இறக்கி வையுங்கள். நீல, ஊதா விளக்குகள் முகத்தில் விழும்போது நிறத்தைப் பிறகு மீட்க வேண்டியிருக்கும் என்பதால் ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுங்கள். மகளின் ஜதிகள் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும் அல்லவா, தீர்மானத்தின் கடைசி அடியில் அவள் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்துக்கு விரலைத் தயாராக வைத்திருங்கள். அப்போது 1/200 போதும். ஐஎஸ்ஓவை அதற்கேற்ப இறக்கிக்கொள்ளலாம்.